ஐம்பது வருஷம் ஆண்ட டீச்சர்

விக்கிரமசிங்கபுரத்தில் ஆவுடைத்தாய் டீச்சரைத் தெரியாத ஆள் கிடையாது. மில்லுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒரு மீசைக்காரன் பதறி எழுந்து இடம் விடுவான். ஆனால் அதே டீச்சர் ஒரு ராஜ்யத்தை உண்டாக்கி, ஐம்பது வருஷம் கட்டி ஆண்டு, முடிசூட்டிக்கொண்டவர் என்கிற சங்கதி ஊரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. என்ன அநியாயம் பாருங்கள்! வாய்ப்பாட்டை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுத்துவிடலாம். ராஜ்யம் அப்படியா?

1999-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை. டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது. இனிமேல் மார்க் பட்டியலெல்லாம் கம்ப்யூட்டரில்தான் போடவேண்டிவரும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. “அது வரும்போது பாத்துக்கிடலாம்” என்று மற்ற டீச்சர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். ஆவுடைத்தாய் மட்டும் மே மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலையில், காஜா முகைதீன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் நீளமான ஒரே அறை. மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒரு மணி நேரம் பாடம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். விடுமுறைக்கு வந்திருந்த காலேஜ் பிள்ளைகள் அந்த இரண்டாவது மணி நேரத்துக்காகத்தான் முதல் மணி நேரத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். காரணம், காஜாவின் மச்சான் சென்னையிலிருந்து கொண்டுவந்த ஒரு விளையாட்டு. சிடியின் மேலே பேனாவால் ‘ராஜா’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் அந்த விளையாட்டை அப்படியே கூப்பிட்டார்கள்.

சீமையில் எந்தக் காலத்திலோ நடக்கிற கதை அது. ஓர் ஆறு, இரண்டு பக்கமும் காடு, பன்னிரண்டு குடும்பங்கள், ஒரு வண்டி தானியம். இதை வைத்துக்கொண்டு ஊர் உண்டாக்க வேண்டும். வடக்கே ஒரு பிரபு இருக்கிறான். அவன் எப்போது படையோடு வருவான் என்று தெரியாது. ஐம்பது வருஷம் ராஜ்யம் நின்றுவிட்டால் கிரீடம். நூறு குடும்பத்தைத் தாண்டிய ராஜ்யம் மறுபடி நூறுக்குக் கீழே இறங்கினால் அவ்வளவுதான், எல்லாம் கலைந்துவிடும். அந்த சென்டரில் அதுவரை ஒருவர்கூடக் கிரீடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றைக்கு இன்ஜினியரிங் படிக்கும் செந்தூர்பாண்டியின் ராஜ்யம் பதினேழாவது வருஷத்தில் பட்டினியில் கவிழ்ந்துகொண்டிருந்தது. மில் வேலைக்காரர் மகன். டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவன்தான். டீச்சர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“விதைக்கு வச்சிருந்ததையும் சேத்துத் திங்கக் கொடுத்துட்டியே லே. வார வருஷம் எதை வெதைப்ப?”

“படைக்கு ஆள் சேக்கணும்லா டீச்சர்.”

“படை என்னத்தைத் திங்கும்? வாளையா?”

அறையே சிரித்தது. செந்தூர்பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இங்கன நின்னு சொல்லுதது ஈஸி டீச்சர். நீங்க ஒருக்க ஆண்டு பாருங்களேன்” என்று எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

டீச்சர் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டால், அதற்கு எட்டு வருஷம் பின்னால் போக வேண்டும். டீச்சருக்குப் பிறந்த ஊர் களக்காடு. அப்பாவுக்குப் பதினோரு ஏக்கர் வயல். அப்பா காலமானதும் பாபநாசம் என்று பெயர்கொண்ட அண்ணன் மொத்தத்தையும் விற்க ஏற்பாடு செய்தார். தங்கையைப் பத்திர ஆபீஸுக்கு வரவழைத்தார். “கீழ வயக்காட்டை மட்டுமாவது வச்சிக்கிடலாம்லா அண்ணாச்சி? தண்ணி நிக்கித மண்ணு. நான் பாத்துக்கிடுதேன்” என்று ஆவுடைத்தாய் கேட்டார். “உனக்கு என்னட்டி தெரியும், கையெழுத்தைப் போடு” என்றார் அண்ணன். பேனா மூடியைக்கூடக் கழற்றித்தான் கொடுத்தார். போட்டுவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்து அழுத அழுகை, களக்காட்டிலிருந்து சேரன்மாதேவி வரைக்கும் நிற்கவில்லை. பிறந்த வீட்டு ஆட்களைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

இப்போது கண் முன்னால் ஓர் ஆறும், யாரும் உழாத மண்ணும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கணக்கு டீச்சர் இல்லையா, முதலில் நாளை எண்ணினார். ஜூன் ஒன்றாம் தேதி சென்டரில் புதுப் படிப்பு ஆரம்பம். மூன்று பெட்டிகளிலும் உள்ளதையெல்லாம் அழித்துவிடுவதாக காஜா சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். ஞாயிறு தவிர்த்தால் மே முடிய இருபத்தைந்து நாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு வருஷம் ஓடும். ஆக, ஐம்பது வருஷம். ஒரு நாள் லீவு போட முடியாது, ஒருமுறை தோற்றால் மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது.

பையன்கள் கோட்டையில் ஆரம்பிப்பார்கள். டீச்சர் கிணற்றில் ஆரம்பித்தார். அடுத்து தானியக் கிடங்கு. அப்புறம் ஆற்றை ஒட்டித் தாழ்ந்து கிடந்த மண்ணை முதலில் திருத்தி விதைத்தார். அதற்குத் தன் மனசுக்குள் ‘கீழ வயக்காடு’ என்றே பெயர் வைத்துக்கொண்டார். விளைந்ததில் ஒரு பங்கை விதைக்கு ஒதுக்கிய பிறகுதான் மிச்சத்தைக் கண்ணால் பார்ப்பது. கிழங்குத் தோட்டம், பழத்தோட்டம், பால்மாடு, தேன்பெட்டி, சுற்றிலும் ஒரு மதில் என்று பையப் பைய ஊர் விரிந்தது. ஆடிப்பாட வருஷத்துக்கு ஒரு திருவிழாவும் வைத்தார். பத்தாம் நாள், அதாவது இருபதாவது வருஷம், இருநூற்று நாற்பது குடும்பம்! செந்தூர்பாண்டி தன் பெட்டியை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். “மாவு மில்லை ஆத்துப்பக்கம் தள்ளி வையிங்க டீச்சர்” என்று யோசனை வேறு. சொந்த ராஜ்யம் கவிழ்ந்தவனுக்கு அடுத்த ராஜ்யத்தில் மந்திரி வேலை பார்க்க அவ்வளவு ஆசை.

வீட்டில் தேங்காய்ப்பால் சொதி கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூட டீச்சரின் முகத்தில் ஒரு மிடுக்கு தெரிந்தது. காய்கறிக்காரியிடம் பேசும்போதே ராணி மாதிரிதான் பேசினார். கணவர் நடராஜ் மில்லில் ஸ்டோர் ஆபீஸில் வேலை. அதிகம் வாய் திறக்காத மனுஷன். அவரே, “என்ன, பட்டாபிஷேகம் என்னைக்கி?” என்று கேட்டுச் சிரித்தார்.

இருபத்தோராவது வருஷத்தில் ஆரம்பித்தது வினை.

திரையின் மூலையில் ஜனங்களின் முகம் ஒன்று இருக்கும். சந்தோஷமாக இருந்தால் பச்சை, வருத்தமென்றால் சிவப்பு. அது சிவக்கத் தொடங்கியது. குடும்பங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறின. ‘சாப்பாடு ஒரே மாதிரி இருக்கிறது’ என்று இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு எழுந்து எழுந்து விழுந்தது.

டீச்சர் காஜாவைக் கூப்பிட்டார். “கிடங்கு நெறைஞ்சு கெடக்கு. பழம் இருக்கு, பால் இருக்கு, தேன் இருக்கு. இன்னும் என்னப்பா வேணுமாம் இந்தச் சனங்களுக்கு?”

காஜா முகைதீன் குனிந்து பார்த்தான். பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“டீச்சர், தப்பா நெனைக்காதிய. ஒங்க ராஜ்யத்துல ஒரு கறிக்கடைகூட இல்லையே. வேட்டைக்காரனுக்கு ஒரு குடிசைகூடப் போடலையா?”

டீச்சர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். சைவ வீட்டில் பிறந்து சைவ வீட்டில் வாக்கப்பட்டவர். வெங்காயம்கூட அமாவாசைக்கு உள்ளே வராத வீடு. பட்டியலில் அந்தப் படங்கள் இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தார். பார்க்காதமாதிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். “அதெல்லாம் வேண்டாம். என் ராஜ்யத்துல உசுரைக் கொல்லப்படாது” என்று சொல்லிவிட்டார்.

செந்தூர்பாண்டிக்குக் கேட்க வேண்டுமா! “டீச்சர் நாட்டுல படையெல்லாம் தயிர்ச்சோத்தைத் தின்னுட்டுத்தான் சண்டைக்குப் போகும் போல!” அதிலிருந்து ஒரு வாரம் சென்டரில் இதே கேலிதான். “சிரிலே, சிரி. அம்பது வருஷம் ஓட்டிக் காட்டுதேன், பெறகு சிரி” என்றார் டீச்சர்.

என்னென்னவோ செய்து பார்த்தார். வருஷத்துக்கு இரண்டு திருவிழா. கூடுதலாக ஒரு பழத்தோட்டம். பாலாடைக்கட்டி செய்ய ஒரு கொட்டகை. வரியைப் பாதியாகக் குறைத்தார். முகம் ஒரு நாள் கொஞ்சம் வெளுக்கும், மறுநாள் சிவந்துவிடும். இருநூறு, நூற்றெழுபது, நூற்று முப்பது என்று குடும்பங்கள் இறங்கின. விதைக்க ஆள் இல்லாமல் மேட்டு வயலெல்லாம் தரிசாகக் கிடந்தது. இருபதாம் நாள், நாற்பதாவது வருஷ முடிவில், மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் பதின்மூன்று குடும்பம் போனால் ராஜ்யம் கலையும். வடக்கே வேறு அந்தப் பிரபு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

அன்று மதியம் நடராஜ் சாப்பாட்டுக்கு வந்தார். டீச்சர் இலையில் சோற்றை வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“என்ன ஆவுடை, ராஜ்யத்துல எழவா?”

டீச்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார். “என்னத்தைக் கொறைச்சேன் இவங்களுக்கு? எங்க அண்ணாச்சி சொன்னதுதான் சரியாப் போச்சு. எனக்கு என்ன தெரியும்!”

நடராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். “நான் மில்லு கேன்டீன் கமிட்டில இருக்கேம்லா. புதன்கிழமை புதன்கிழமை அங்கன மீன்குழம்பு. போன வருஷம் ஒரு மாசம் அதை நிறுத்திப் பாத்தாவ. புதன்கிழமையானா பாதிப் பேரைக் காணோம். பெறகு மறுபடி போடச் சொல்லி கமிட்டில மொதக் கையெழுத்துப் போட்டது நான்தான்.”

டீச்சர் திகைத்துப் போனார். “நீங்களா? அங்கன நீங்க மீன் சாப்பிடுதியளா?”

“நான் எதுக்குட்டி சாப்பிடணும்? எனக்கு மோர் இருக்கு. சாப்பிடுதவனுக்குப் போடணும்லா. அவன் வயித்துக்கு நான் விரதம் இருக்க முடியுமா?” என்றார் நடராஜ். சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் காட்டினார்.

இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டவர் டீச்சர். அவர் மீன்குழம்புக்குக் கையெழுத்துப் போட்டதை ஒருநாளும் சொன்னதில்லை. சண்டை பிடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ரசத்தை ஊற்றினார்.

மறுநாள் காலையில் சென்டருக்கு அரை மணி முந்தியே வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது மணி நேரம் வந்ததும் பட்டியலைத் திறந்து கறிக்கடைப் படத்துக்கு நேராக அம்புக்குறியைக் கொண்டுபோனார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“காஜா, நீ கொஞ்சம் அமுக்கிவிடேன்ப்பா.”

காஜா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். “ஒங்க ராஜ்யம் டீச்சர். நீங்கதான் வைக்கணும். நான் வச்சா அது என் ராஜ்யமாப் போயிரும்.”

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். “சிவ சிவா” என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு அமுக்கினார். எங்கே வைப்பது என்று கேட்டது பெட்டி. ஊர் நடுவில் வைக்க மனசு வரவில்லை. ஆற்றோரமாகவே போய், படித்துறையைத் தாண்டி, தண்ணீர் இறங்கிப் போகிற பக்கத்தில் வைத்தார். குளிக்கிற ஆட்களுக்கு அழுக்கு வரக்கூடாதாம்! வெறும் படத்துக்கு இவ்வளவு யோசனையா என்று காஜா சிரித்தான். ஆனால் அப்படி வைத்தால்தான் நோய் வராது என்று விளையாட்டிலேயே ஒரு விதி இருந்தது. அதை அந்த சென்டரில் யாருமே அதுவரை கவனித்ததில்லை.

காட்டோரத்தில் வேட்டைக்காரர்களுக்குக் குடிசைகள். ஆற்றில் மீன்பிடிக்க ஒரு துறை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். அன்றைக்கே முகம் வெளுத்தது. மறுநாள் பச்சை! போன குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு திரும்பின. தரிசாகக் கிடந்த மேட்டு வயலில் ஏர் பூட்டினார்கள். நாற்பத்தாறாவது வருஷம் முடியும்போது முந்நூறு குடும்பம்.

பிரபு நாற்பத்தேழாவது வருஷம் வந்தான். சனிக்கிழமை காலை. வடக்குப் பக்கம் கறுப்புக் கொடிகள் வரிசையாக எழும்பியதும் செந்தூர்பாண்டி கத்தினான், “டீச்சர், நம்மகிட்ட படையே இல்லையே!”

“நம்மகிட்ட” என்றான், கவனித்தீர்களா? டீச்சர் கவனித்தார். “எல்லாரையும் மதிலுக்குள்ள கூப்பிடுலே மொதல்ல. எங்கன அமுக்கணும், சொல்லு.”

மதில் கதவு சாத்திக்கொண்டது. முற்றுகை. ஊருக்குள் கிடங்கு நிறைய தானியம். டீச்சர் நாற்பத்தாறு வருஷம் குறையாமல் சேர்த்தது. மதில்மேல் ஏறி நின்றவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வேட்டைக்காரர்கள். எல்லோர் கையிலும் வில் இருந்தது. அந்தக் குடிசைகளைப் போடாமலிருந்தால் மதில்மேல் நிற்க ஒரு நாதி கிடையாது. வெளியே பிரபுவின் ஆட்களுக்கு உணவு தீர்ந்தது. மேலேயிருந்து அம்பு மழை. எண்ணி அரை மணி நேரத்தில் கறுப்புக் கொடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. உள்ளே ஒரு குடும்பம்கூட வெளியேறவில்லை. டீச்சர் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு சொம்பு முழுவதும் குடித்தார்.

திங்கட்கிழமை, மே முப்பத்தொன்று. சென்டரில் நிற்க இடமில்லை. ஐம்பதாவது வருஷத்து அறுவடை கிடங்குக்குள் போனதும் திரை ஒரு கணம் இருண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கரண்டு போய்விட்டதோ என்று எல்லோருக்கும் உயிரே போய்விட்டது. பிறகு கொம்பு வாத்தியம் முழங்கியது. மலைமேல் சூரியன் எழும்ப, பொன் கிரீடம் ஒன்று மெதுவாக இறங்கி வந்து ஊருக்கு மேலே நின்றது.

“ஏலே! நம்ம டீச்சர் ஜெயிச்சிட்டாவ லே!” செந்தூர்பாண்டி போட்ட சத்தத்தில் கீழே ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர் என்னமோ ஏதோவென்று மாடிக்கு ஓடிவந்தார். டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு, கன்னத்தில் கண்ணீர். துடைத்துக்கொள்ளவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆண்டிருக்கிறார் ஐயா ஐம்பது வருஷம்! அழுதால் என்ன?

சாயங்காலம் எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்னால், காஜா அந்த ராஜ்யத்தின் வரைபடத்தை நாலு தாளில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, மடித்துக் கொடுத்தான். கறுப்புப் புள்ளிகளால் ஆன படம்தான். ஆனாலும் ஆறும் மதிலும் வயலும் தெளிவாகத் தெரிந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை களக்காட்டில் பாபநாசம் அண்ணாச்சியின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் டீச்சர் கைப்பையிலிருந்து தாளை எடுத்து அண்ணன் முன்னால் விரித்தார். பக்கத்தில் நடராஜ் பாக்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வரைபடம் என்றால் தூக்கத்திலும் கண் விழிப்பார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“எந்த ஊரு இது?”

“நான் உண்டாக்கின ஊரு. கம்ப்யூட்டர்ல. அம்பது வருஷம் ஆண்டுருக்கேன். முந்நூத்தி இருபது குடும்பம்.”

விளையாட்டு என்று அவர் சிரிக்கத்தான் போகிறார் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. விரலை ஆற்றோடு நகர்த்திக்கொண்டே போனார். கிணறு, கிடங்கு, மதில் எல்லாவற்றையும் பார்த்தார். படித்துறையைத் தாண்டி விரல் நின்றது.

“இது என்னட்டி, கடைசில தனியா ஒரு கட்டடம்?”

“கறிக்கடை.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “நம்ம ஊர்ல போயி கறிக்கடையா? யாரு உன்னப் போடச் சொன்னா?”

“யாரும் சொல்லல அண்ணாச்சி. நான்தான் போட்டேன். நம்ம ஊரு இல்ல இது. என் ஊரு.”

அண்ணாச்சி தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“வயக்காடு எங்கன இருக்கு?” என்றார், மெதுவாக.

டீச்சர் ஆற்றை ஒட்டி விரலை வைத்தார். “இந்தா கெடக்குல்லா, இதான் கீழ வயக்காடு. அம்பது வருஷத்துல ஒரு செண்டு விக்கல.”